ஊரும் மூச்சும்

ஆங்கில வைத்தியர் ஆஸ்துமா எனக் கூறும் நோயை யாழ்ப்பாணத்துப் பேச்சு வழக்குத் தொய்வு என்றும் முட்டு என்றும் வழங்கும். பெயர் எதுவாயினும் அந்நோயைப் பற்றி மக்களிடையே வேரூன்றியிருக்கும் எண்ணம் ஒன்றே. அது உடம்போடு பிறந்தது என்பதே அவ்வெண்ணம். கலியாணப் பேச்சு நடக்கும் வீடுகளில், 'அந்தப் பகுதியில் முட்டு வருத்தம் உண்டு' என்று தாழ்ந்த குரலிற் சொல்லப்படுவதைக் கேளாதார் எம்மில் அரியர். நோயாளியின் தாயும் தந்தையும் பாட்டனும் விசாரணைக்குள்ளாவர். அவர் குடியிருக்கும் ஒழுங்கையும் அவ்வொழுங்கைக்கு அப்பால் உயர்ந்து நிற்கும் புகைபோக்கியும் விசாரிக்கப்படுவதில்லை.

இவ்வெண்ணம் முழுப் பொய்யன்று. பரம்பரைக் கூறு ஒன்று இந்நோயில் உண்டென்பதை இன்றைய விஞ்ஞானமும் ஏற்கின்றது. ஆயினும், ஊர் மாறினால் மூச்சும் மாறும் என்பதை மருத்துவர் அறிந்து ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாகின்றது. அறிந்த அவ்வுண்மை எல்லார்க்கும் ஒரே வகையாற் பயன்படவில்லை. செல்வர்க்கு அது பிரயாணச் சீட்டாயிற்று. வறியோர்க்கு நெடுங்காலம் ஒன்றுமே ஆகவில்லை. 'இந்த ஊரில் இந்த மூச்சு முட்டுவதற்குப் பொறுப்பாளி யார்?' என்ற கேள்வி நீதிமன்றமேறி, 1972 ஆம் ஆண்டில் தெளிவான விடை பெற்ற இடம் யப்பானிலுள்ள யொக்காய்ச்சி என்னும் துறைமுக நகரம். அந்நகரின் கதையே இக்கட்டுரையின் பொருள். அதற்கு முற்பட்ட காலத்தைச் சுருக்கமாகவேனும் நோக்கிவிட்டு அங்கே செல்வோம்.

1819 ஆம் ஆண்டில் ஜோன் பொஸ்ரொக் என்னும் ஆங்கில மருத்துவர், கோடைதோறும் தம்மை வருத்திய கண்ணரிப்பு, தும்மல், மூச்சடைப்பு ஆகியவற்றை விவரித்து இலண்டன் மருத்துவச் சங்கமொன்றின் முன் கட்டுரை படித்தார். பின்னர் வைக்கோற் காய்ச்சல் எனப் பெயர்பெற்ற ஒவ்வாமை நோய் பற்றிய தெளிவான முதல் விவரணம் அதுவென்பர். 1828 இல் மேலும் பல நோயாளரின் குறிப்புகளைத் திரட்டி வெளியிட்டபோது, நடுத்தர, மேல்வகுப்பினரிடையே காணப்படும் இந்நோய் ஏழைகளிடத்துக் காணப்படவில்லை என்பதை அவர் வியப்போடு குறித்தார். ஏழை தும்மினால் அதனைக் குறித்துக்கொள்ள அக்காலத்தில் மருத்துவர் எத்தனைபேர் அருகில் இருந்தனர் என்ற வினா எமக்கு எழாமலில்லை. எனினும் அவர் கூற்றை அவ்வளவிற் தள்ளிவிட முடியாது. 1873 இல் மஞ்செஸ்ரர் நகரத்து மருத்துவர் சாள்ஸ் பிளாக்லி, பசை பூசிய கண்ணாடித் தகடுகளைப் பட்டங்களிற் கட்டி வானில் ஏற்றி, காற்றில் மிதக்கும் மகரந்தத்தைப் பிடித்துக் கணக்கிட்டு, அம்மகரந்தமே இந்நோயின் காரணமென நிறுவினார். அவரையும் ஒரு புதிர் வாட்டியது. மகரந்தத்தின் நடுவிலேயே உழைத்து வாழும் உழவனுக்கு இந்நோய் அரிதாகவே வந்தது. மகரந்தம் குறைந்த நகரத்துக் கற்றோருக்கே அது மிகுதியாக வந்தது. இப்புதிருக்கு நாம் பின்னர் மீள்வோம்.

அமெரிக்காவில் இவ்வறிவு எவ்வாறு பயன்படுத்தப்பட்டது என்பது சுவையானது. மொறில் வைமன் என்னும் ஹார்வார்ட் மருத்துவர், தாமும் இந்நோயால் வருந்தியவர், 1872 இல் எழுதிய நூலில் நோய் தீண்டாத மலைப்பகுதிகள் எவையென நிலப்படங்களோடு காட்டினார். 1874 இல் நியூ ஹம்சயர் மாநிலத்துப் பெத்லஹேம் என்னும் மலையூரில் வைக்கோற் காய்ச்சற்காரரின் சங்கமே தோன்றிற்று. ஆண்டுதோறும் ஆவணி புரட்டாதி மாதங்களில் வக்கீல்களும் வணிகரும் மதகுருமாரும் புகையிரதமேறி அங்கே சென்று, உயர்தர விடுதிகளிற் தங்கி, பனி தொடங்கியபின் ஊர் திரும்பினர். இந்நோய் நாகரிகம் முதிர்ந்த நுண்ணிய நரம்புடையோரின் அடையாளம் எனப் பெருமை பேசிய மருத்துவரும் அந்நாளில் இருந்தனர். நோயுமே குலப்பெருமையாகிவிடுதல் வர்க்கச் சமுதாயத்திற்கு மட்டுமே உரிய விந்தை.

ஆஸ்துமாவைப் பொறுத்தவரையில், 1860 இல் பெருநூல் எழுதிய இங்கிலாந்தின் ஹென்றி ஹைட் சோல்ற்றர், நோயாளியின் மூச்சு அவன் தங்கும் இடத்தைப் பொறுத்து மாறும் விசித்திரத்தைப் பக்கம் பக்கமாக விவரித்தார். நாட்டுப்புறத்தில் மூச்சுவிட முடியாதிருந்த சிலர் இலண்டனின் புகையடர்ந்த தெருக்களிற் சுகமடைந்தனர் என்றும் அவர் எழுதினார். எனவே 'நகரம் தீது, நாட்டுப்புறம் நன்று' என்ற எளிய சூத்திரம் அன்றே பொய்த்துவிட்டது. இடம் முக்கியம் என்பது தெளிவாயிற்று. எந்த இடத்தில் எது முக்கியம் என்பது தெளிவாகவில்லை. சோல்ற்றரின் அறிவுரை, நோயாளி தனக்கேற்ற இடத்தைத் தேடிச் செல்லல் வேண்டும் என்பதே. தேடிச் செல்லும் வசதியற்றவன் யாது செய்வான் என்பது அந்நூற்றாண்டு மருத்துவத்தின் விசாரணைக்கு உட்பட்டதன்று.

இனி யப்பானுக்கு வருவோம். இரண்டாம் உலகப்போர் முடிந்தபின், 1946 முதலாக, யொக்கோஹாமாவிற் பாளயமிறங்கியிருந்த அமெரிக்கப் படையினரிடையே இதற்குமுன் முட்டு அறியாதவர் பலர் இரவில் மூச்சுத் திணறி வைத்தியசாலையை அடைந்தனர். தொழிற்சாலைப் புகை தேங்கும் அச்சமவெளியை விட்டு நீங்கியவுடன் அவர்கள் தேறினர். இராணுவ மருத்துவர்கள் 'யொக்கோஹாமா ஆஸ்துமா' என்று அதற்குப் பெயரிட்டு, 1954 இல் அது பற்றிய அறிக்கையையும் வெளியிட்டனர். நோய்ப்பட்ட படைவீரனுக்கு வைத்தியம் இடமாற்றம். ஊரே அதுவாயிருந்த யப்பானியத் தொழிலாளிக்கு இடமாற்ற உத்தரவு பிறப்பிக்க எவருமிலர். பெத்லஹேம் விடுதிகளின் வைத்தியம் இங்கே இராணுவச் சீருடை அணிந்து வந்ததெனலாம்.

யொக்காய்ச்சி, மியே மாவட்டத்தில் இசே விரிகுடாவின் கரையில் உள்ளது. போர்க்காலத்தில் அங்கே கடற்படையின் எரிபொருட் களஞ்சியம் இருந்தது. 1945 இற் குண்டுவீச்சால் அது அழிந்தது. 1955 இல் அரசு அந்நிலத்தை, ஷெல் நிறுவனத்தோடும் மிற்சுபிசி குழுமத்தோடும் உறவுபூண்ட ஷோவா எண்ணெய்க் கம்பனிக்குக் கையளிக்க முடிவுசெய்தது. நிலக்கரியைக் கைவிட்டு எண்ணெய்க்கு மாறிக்கொண்டிருந்த யப்பானின் புதிய முதலாளித்துவத்திற்கு அது முன்மாதிரிக் களமாயிற்று. எண்ணெய் சுத்திகரிப்பு நிலையம், அதன் அருகே அனல் மின்நிலையம், அவற்றைச் சூழ இரசாயனத் தொழிற்சாலைகள், எல்லாவற்றையும் இணைக்கும் குழாய்கள் என ஒன்றன் கழிவு மற்றொன்றின் மூலப்பொருளாகும் வண்ணம் அமைந்த தொகுதி அது. அதனைக் 'கொம்பினாட்' என்றனர். சோவியத் நாட்டிலிருந்து கடன்பெற்ற சொல். சொல்லைக் கடன்வாங்கியோர் உடைமை முறையைக் கடன்வாங்கவில்லை என்பதைக் கூறவும் வேண்டுமோ? சியோஹாமா என்னும் பகுதியில் முதலாவது தொகுதி 1959 இல் முழு இயக்கம் பெற்றது. அதன் இரவுநேர விளக்கொளி இலட்சக்கணக்கான டொலர் பெறுமதியான காட்சி என அந்நாளிற் புகழப்பட்டது.

அவ்விளக்குகளுக்கு எதிரே, சுசுகா ஆற்றின் மறுகரையில், இசோசு என்னும் மீனவர் கிராமம் இருந்தது. தொகுதிக்கும் கிராமத்துக்கும் இடையிலிருந்தது அவ்வாறு மட்டுமே. மாரிகாலத்தில் வடமேற்கிலிருந்து வீசும் பருவக்காற்று ஆலைகளின் மேலாக வந்து நேரே அக்கிராமத்தின் கூரைகளில் இறங்கும். கொம்பினாட்டை அங்கே நிறுவ முடிவுசெய்தோர் கப்பலின் ஆழத்தையும் நிலத்தின் விலையையும் கணக்கிட்டனர். காற்றின் திசையைக் கணக்கிடவில்லை.

முதலிற் கெட்டது கடல். 1960 அளவில், இசே விரிகுடா மீன் எண்ணெய் நாறுகின்றதென்று டோக்கியோ மீன்சந்தை அதனை ஏற்கத் தயங்கியது. வலை நிறைய மீன் பிடித்தும் விற்க வழியற்றுப்போன இசோசு மீனவர், 1963 யூன் மாதத்தில் மின்நிலையத்தின் கழிவுநீர் வாய்க்காலை அடைத்துவிட ஒன்றுதிரண்டு சென்றனர். அக்கிளர்ச்சி பேச்சுவார்த்தையில் அடங்கியது. அதற்கு முன்னரே, 1961 முதலாக, அக்கிராமத்தில் மூச்சு முட்டத் தொடங்கிவிட்டது. பகலெல்லாம் கடலில் வலித்து உரமேறிய உடம்பினர், ஐம்பது வயதைக் கடந்தோர், குழந்தைகள் என நள்ளிரவில் வைத்தியரின் கதவைத் தட்டுவோர் பெருகினர்.

கரி எரிக்கும் ஊர்களிற் புகை கறுப்பு. கண்ணுக்குத் தெரியும், துணியிற் படியும். யொக்காய்ச்சியில் எரிக்கப்பட்டதோ மத்திய கிழக்கின் மசகெண்ணெயிலிருந்து கிடைத்த உலை எண்ணெய். அதிற் கந்தகம் ஏறத்தாழ நூற்றுக்கு மூன்று பங்கு இருந்தது. எரியும்போது அது நிறமற்ற கந்தகவீரொட்சைட்டாகி வெளியேறும். இவ்வாயு ஈரமான சுவாசக் குழாயிற் பட்டதும் குழாய்த் தசைகள் சுருங்கும். உள்தோல் வீங்கிச் சளி சுரக்கும். மூச்சு உள்ளே போகும், வெளியே வரத் தவிக்கும். ஆரோக்கியமானவனைவிட முட்டுக்காரனை இது பன்மடங்கு குறைந்த செறிவிலேயே தாக்கும். 1962 இல் யப்பானிய அரசு புகைக் கட்டுப்பாட்டுச் சட்டமொன்றை இயற்றிற்று. கரிப்புகையை மனத்திற்கொண்டு எழுதப்பட்ட அச்சட்டம் இவ்வாயுவுக்கு விதித்த எல்லை மிகத் தளர்வானது. கொம்பினாட் ஆலைகள் எந்த மாற்றமும் செய்யாமலே அதற்கு உட்பட்டிருந்தன. கிராமம் மூச்சுத் திணறியது, சட்டம் மீறப்படவில்லை.

இவ்வாயுவுக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பை வெளிக்கொணர்ந்த முறை ஆசிரியர், மாணவர் அனைவரும் அறிய வேண்டியது. 1961 இல் யப்பான் எங்கும் குடிமக்கள் அனைவரும் மருத்துவக் காப்புறுதித் திட்டத்திற் சேர்க்கப்பட்டிருந்தனர். மக்கள் நீண்டகாலம் கோரிப் பெற்ற உரிமை அது. மியே மாவட்டப் பல்கலைக்கழகத்துப் பொதுச் சுகாதாரப் பேராசிரியர் கற்சுமி யோஷிதாவும் அவர்தம் குழுவினரும், காப்புறுதி அலுவலகத்தில் மலைபோற் குவிந்திருந்த வைத்தியச் செலவுச் சிட்டைகளை எடுத்து, யார் எந்த நோய்க்கு எந்த மாதத்தில் வைத்தியம் பெற்றார் என்பதை ஊர்வாரியாகக் கணக்கிட்டனர். புகைபடும் வட்டாரங்களையும் புகைபடா வட்டாரங்களையும் அருகருகே வைத்து நோக்கினர். இசோசுவின் தொய்வு மற்றெல்லா வட்டாரங்களையும் விஞ்சி நின்றது. வாயுவின் அளவு ஏறிய வாரங்களில் நோய்த்தாக்கமும் ஏறியது. கணக்கப்பிள்ளை வேலை போலத் தோன்றும் இப்பணியே பின்னர் நீதிமன்றத்தில் மிகப்பெரிய சாட்சியாயிற்று. வைமன் வரைந்த படம் செல்வர் ஓடித் தப்பவேண்டிய இடத்தைக் காட்டியது. யோஷிதா வரைந்த படம் வறியோர் ஓட முடியாது அகப்பட்டிருந்த இடத்தைக் காட்டியது.

இரண்டு கண்டுபிடிப்புகள் இங்கே சிறப்பாகக் கருதத்தக்கன. நோயாளியை அவ்வட்டாரத்தை விட்டு வேறிடத்திற்குக் கொண்டுசென்றதும் நோய் தணிந்தது, திரும்பியதும் மீண்டது. அன்றியும், வீட்டுத் தூசு முதலியவற்றுக்குத் தோலிற் செய்யப்படும் ஒவ்வாமைப் பரிசோதனையில், இந்நோயாளரிடையே ஒவ்வாமை உடையோர் சாதாரண ஆஸ்துமாக்காரரிலும் குறைவாகவே காணப்பட்டனர். குடும்பத்தில் முன்பு முட்டு இருந்தோரும் குறைவே. 'உடம்போடு பிறந்தது' என்ற பழைய தீர்ப்பு இங்கே செல்லுபடியாகவில்லை.

மாவட்ட வைத்தியசாலையில் 1965 இற் காற்றைச் சுத்திகரிக்கும் அறைகள் அமைக்கப்பட்டன. நோயாளியான மீனவர் இரவில் அவ்வறையிற் படுத்துறங்கி, விடிந்ததும் வைத்தியசாலையிலிருந்தே படகேறிக் கடலுக்குப் போய், தொழில் முடித்து மீண்டும் வைத்தியசாலைக்குத் திரும்பினர். நோயாளி என்ற நிலையும் உழைப்பாளி என்ற நிலையும் ஒரே உடம்பில் இவ்வாறு முறைவைத்துக் குடியிருந்த காட்சியை வேறெங்கும் நாம் படித்ததில்லை. வைத்தியம் இலவசமானால் மட்டும் போதாது. உழையாத நாளில் உலையேறாத வீடுகள் அவை.

சியோஹாமாவின் ஆரம்பப் பாடசாலை ஆலைகளின் அயலிலேயே இருந்தது. பிள்ளைகள் கரித்தூள் செறித்த மஞ்சள் நிற முகமூடி அணிந்து பாடசாலைக்கு வந்தனர். நாளுக்குப் பலமுறை வரிசையாய் நின்று தொண்டையைக் கொப்புளித்தனர். நாற்றம் மிகுந்த நாட்களிற் கோடை வெம்மையிலும் யன்னல்கள் சாத்தப்பட்டன. அப்பாடசாலையின் கீதமோ, துறைமுகத்தருகே வரிசையாய் எழுந்து நிற்கும் ஆலைகளை விஞ்ஞானத்தின் பெருமையாகவும் நாட்டின் நம்பிக்கை ஒளியாகவும் போற்றுவதாயிருந்தது. முகமூடியைக் கழற்றிவிட்டு அதனைப் பாடியிருப்பர் போலும்! ஆசிரியத் தொழில் புரியும் எமக்கு இச்செய்தியைப் படித்தபோது சிரிப்பு வரவில்லை. நாம் எமது மாணவரைக் கொண்டு பாடுவிக்கும் பாடல்களை ஒருகணம் எண்ணிப் பார்த்தோம். அந்தக் கீதத்தின் சொற்கள் 1972 இல், தீர்ப்பு வெளிவந்த ஆண்டிலேயே, மாற்றப்பட்டன.

1965 மே மாதத்தில் நகரசபை தன் செலவில் நோயாளரைப் பதிவுசெய்து வைத்தியச் செலவைக் கொடுக்கத் தொடங்கியது. இது நல்ல காரியமே. ஆயின் புகை நிற்கவில்லை. 1966 யூலையில் பதிவுபெற்ற முதியவர் ஒருவர் நோயின் கொடுமை தாளாது தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அடுத்த ஆண்டு யூனில் மற்றொருவரும் அவ்வாறே இறந்தார். அரசு அனுப்பிய நிபுணர் குழுவின் ஆலோசனைப்படி ஆலைகள் புகைபோக்கிகளை உயர்த்தின. 100 மீற்றருக்கும் 200 மீற்றருக்கும் இடைப்பட்ட உயரத்திற் கோபுரங்கள் எழுந்தன. இசோசுவில் வாயுவின் செறிவு குறைந்தது உண்மை. அதுவரை தப்பியிருந்த தூரத்து வட்டாரங்களுக்கு அதே வாயு ஐதாகப் பரவியதும் உண்மை. கந்தகத்தை எண்ணெயிலிருந்து நீக்குவதற்குப் பணம் செலவாகும். கோபுரம் அதனிலும் மலிவு.

1967 செப்டெம்பர் 1 ஆம் நாள், இசோசுவைச் சேர்ந்த ஒன்பது நோயாளர் ஆறு கம்பனிகளின்மேல் வழக்குத் தொடுத்தனர். ஷோவா யொக்காய்ச்சி எண்ணெய், மிற்சுபிசிக் குழுமத்தின் மூன்று இரசாயனக் கம்பனிகள், சூபு மின்சாரக் கம்பனி, இஷிஹாரா சங்யோ என்பன அவை. ஒன்பது பேரும் தனித்து நின்றாரல்லர். இளம் சட்டத்தரணிகளும் ஆசிரியரும் தொழிற்சங்கத்தினரும் துணைநின்றனர். அவருள் சவாய் யோஷிரோ என்பவர் தொழிற்சங்க அலுவலகத்திற் பணியாற்றியவர். நோயாளரின் வீடுகளுக்குச் சென்று அவர்தம் வாய்மொழியைப் பதிவுசெய்து, தம் கையாலேயே ஸ்டென்சில் வெட்டிப் பிரதியெடுத்துப் பரப்பினார். ஆனால் வரலாற்றை எமக்கு வசதியாக வெட்டிக்கொள்ளல் தகாது. வழக்கில் எதிராளிகளான ஆலைகளிற் பணிபுரிந்தோரின் சங்கங்கள் பெரும்பாலும் ஒதுங்கியே நின்றன. ஆலைக்குள்ளே சம்பளம் வாங்குபவனும் ஆலைக்கு வெளியே மூச்சு வாங்குபவனும் ஒரே வர்க்கத்தவர் என்பது ஏட்டில் எளிது. யொக்காய்ச்சியில் அந்த ஆற்றைக் கடப்பது கடினமாயிருந்தது.

கம்பனிகளின் வாதம் மூன்று அடுக்குடையது. வழக்காளிகளின் நோய்க்குப் புகைத்தல், முதுமை, பிறவி இயல்பு, வீட்டுத் தூசு முதலியன காரணமாகலாம் என்பது ஒன்று. ஆறு ஆலைகளின் வாயுவும் கலந்துவிட்டபின் யாருடைய வாயு யாருடைய மூச்சை அடைத்தது என்று காட்டமுடியாது என்பது மற்றொன்று. தாம் சட்டம் விதித்த அளவை மீறவில்லை என்பது மூன்றாவது. ஐந்து ஆண்டுகள் வழக்கு நடந்தது. தீர்ப்புக்கு முன்னரே வழக்காளிகளுள் இருவர் இறந்தனர்.

1972 யூலை 24 ஆம் நாள் தீர்ப்பளித்த நீதிமன்றம் மூன்று வாதங்களையும் தள்ளியது. ஒரு வட்டாரத்து மக்கட்டொகையில் நோய் பெருகிய விதத்தை ஆராயும் கணக்கே காரணத்தை நிறுவப் போதுமான சான்றென ஏற்றது. அடுத்தடுத்து நின்று ஒரே வானத்தில் வாயுவை விட்ட ஆறு கம்பனிகளும் கூட்டாகப் பொறுப்பாளிகள் என்றது. அளவுக்குள் நின்றோம் என்பது மனிதனின் உடலுக்குச் செய்த தீங்கை மன்னியாது என்றது. இவற்றினும் முக்கியமானதாக எமக்குத் தோன்றுவது வேறொன்று. குடிமக்கள் வாழும் ஊரின் அருகே, காற்றையும் தூரத்தையும் முன்னாய்வு செய்யாது ஆலைகளை நிறுவியதே ஒரு குற்றமான கவனமின்மை என நீதிமன்றம் கூறிற்று. இடந்தேர்வில் இழைத்த தவறு என்னும் கருத்து இவ்வாறு சட்டத்துள் நுழைந்தது. சோல்ற்றரும் வைமனும் நோயாளியே இடந்தேடிச் செல்லல் வேண்டும் என்றனர். இங்கே முதன்முறையாக, இடந்தேடி வந்தது ஆலையே, ஆகவே கணக்குக் கூறவேண்டியதும் ஆலையே என்றாயிற்று. நட்டஈடு ஏறத்தாழ 8 கோடி 80 இலட்சம் யென். கம்பனிகள் மேன்முறையீடு செய்யவில்லை. வழக்காளிகளுள் ஒருவரான மீனவர் நோதா யுக்கிகசு, அன்று கூடிநின்ற ஆதரவாளரை நோக்கி, இந்நகரில் மெய்யான நீலவானம் திரும்பும் நாளிலேயே நன்றி கூறுவேன் என்னும் பொருள்படப் பேசினார். வெற்றிவிழாவுக்கு அது பொருந்தாத பேச்சாகச் சிலருக்குப் பட்டிருக்கலாம்.

இவ்விடத்தில் ஓர் ஐயத்தை நாமே எழுப்பிக்கொள்ளுதல் நேர்மையாகும். 1990 இல் ஜேர்மனி ஒன்றானபின், மியூனிக் மருத்துவர் எரிக்கா வொன் மூற்றியசும் அவர் குழுவினரும் கிழக்கில் லைப்சிக், ஹால நகரங்களின் பிள்ளைகளையும் மேற்கில் மியூனிக் நகரப் பிள்ளைகளையும் ஒப்பிட்டு ஆராய்ந்தனர். கிழக்கு நகரங்களிற் பழுப்புநிலக்கரிப் புகையும் கந்தகவீரொட்சைட்டும் மிக மிகுதி. அங்கே ஒவ்வாமையும் ஆஸ்துமாவும் பெருகியிருக்கும் என்றே அவர்களும் எதிர்பார்த்தனர். முடிவு மாறாயிருந்தது. சுவாசக்குழாய் அழற்சி கிழக்கில் மிகுதி. வைக்கோற் காய்ச்சலும் ஒவ்வாமையும் ஆஸ்துமாவும் மேற்கிலேயே மிகுதி. இது பிளாக்லியின் பழைய புதிரோடு சேர்த்து எண்ணத்தக்கது. மாட்டுத்தொழுவத்தின் அயலிலும் பிள்ளைகள் நிறைந்த வீட்டிலும் வளரும் குழந்தையின் உடல், நுண்ணுயிர்களோடு பழகி, தீங்கற்ற மகரந்தத்தைப் பகையாகக் கருதாதிருக்கக் கற்றுக்கொள்ளுகின்றது என்பர் இன்றைய ஆய்வாளர் பலர். அப்படியாயின் புகை குற்றமற்றதா? அன்று. ஒவ்வாமை குறைந்த உடலையும் புகை தாக்கும் என்பதற்கு ஒவ்வாமைப் பரிசோதனையில் அகப்படாத இசோசு மீனவரே சான்று. ஊர் இரு வழிகளில் மூச்சினுள் நுழைகின்றது. ஒருவழி குழந்தைப் பருவத்தில் உடலைப் பழக்கும் வழி. மற்றது நாள்தோறும் சுவாசக் குழாயைப் புண்படுத்தும் வழி. முதலாவதன் நுட்பத்தைக் காட்டி இரண்டாவதை மறைக்க முயல்வோர் உளர். அவர்க்கு இவ்வாய்வு துணைபோகாது.

தீர்ப்பின் விளைவு யொக்காய்ச்சியோடு நிற்கவில்லை. 1972 இலேயே மியே மாவட்டம், ஒவ்வோர் ஆலையின் செறிவை அளப்பதை விடுத்து, வட்டாரம் முழுவதிலும் வெளியேறும் கந்தகத்தின் மொத்த அளவுக்கே வரம்பு விதித்தது. கந்தகம் நீக்கும் பொறிகளை ஆலைகள் அப்போது நிறுவின. முன்பு இயலாதது என்றது இயன்றது. 1976 அளவில் அரசு வகுத்த காற்றுத்தர அளவை நகரம் எட்டியது. நாடு முழுவதற்குமாக 1973 இல் நட்டஈட்டுச் சட்டம் வந்தது. அதன் அமைப்பு விந்தையானது. ஒருவர் பதிவுபெறுவதற்கு வேண்டியன மூன்று. குறித்த நான்கு சுவாச நோய்களுள் ஒன்று இருத்தல் வேண்டும். அரசு வரைந்த எல்லைக்குள் அவர் குடியிருத்தலோ தொழில்புரிதலோ வேண்டும். குறித்த காலம் அங்கே கழித்திருத்தல் வேண்டும். இவரது முட்டு எந்தப் புகைபோக்கியால் வந்தது என்று எவரும் கேட்கமாட்டார். முகவரியே சாட்சி. பணமோ நாடெங்குமுள்ள ஆலைகள் வெளியேற்றும் கந்தகத்தின் நிறைக்கேற்ப அறவிடப்பட்டது. ஒரு பங்கு மோட்டார் வாகன வரியிலிருந்து வந்தது. இத்தகைய எல்லைகள் 41 வட்டாரங்களில் வரையப்பட்டன. தெருவின் இப்பக்கத்தவர் நோயாளி, அப்பக்கத்தவர் அல்லர் என்ற அநீதி அதனுள் இருந்தது. இருப்பினும் நோயின் காரணத்தை உடம்பிலன்றி ஊரிற் கண்ட சட்டம் அது.

கந்தகம் குறைந்தது, ஆகவே சட்டமும் தேவையில்லை என்று பெருமுதலாளிகளின் சம்மேளனம் வற்புறுத்தத் தொடங்கிற்று. வாகனங்கள் கக்கும் நைதரசன் ஒட்சைட்டுகளும் நுண்துகள்களும் குறையவில்லை என நோயாளர் சங்கங்கள் வாதிட்டன. அவ்வாதம் தோற்றது. 1988 மார்ச் 1 ஆம் நாள் 41 வட்டாரங்களின் எல்லைகளும் ஒருசேர அழிக்கப்பட்டன. அந்நாளில் நாடெங்கும் ஏறத்தாழ ஓரிலட்சம் பேர் பதிவில் இருந்தனர். அவர்களுக்குரிய கொடுப்பனவு தொடர்ந்தது. புதிதாக எவரும் சேர்க்கப்படவில்லை. டோக்கியோ நோயாளர் 1996 இல் அரசின்மீதும் வாகன உற்பத்தியாளர்மீதும் வழக்குத் தொடுத்து, 2007 இல் இணக்கம் கண்டு, நகர எல்லைக்குள் ஆஸ்துமாவுக்கு இலவச வைத்தியம் பெற்றது இதன் பிற்கதை.

யொக்காய்ச்சியில் மொத்தம் 2,200 க்கு மேற்பட்டோர் பதிவுபெற்றிருந்தனர். 2010 இல், கொம்பினாட்டின் இரவொளியைக் கண்டுகளிக்கும் உல்லாசப் படகுச் சேவை அத்துறைமுகத்திலே தொடங்கியது. 2015 இல் நகரசபை அக்காலத்து ஆவணங்களைக் கொண்ட நூதனசாலை ஒன்றைத் திறந்தது. சவாய் யோஷிரோ அவ்வாண்டிலேயே மறைந்தார். புதிய பெயர் சேராத பட்டியலாதலின், பதிவுபெற்ற நோயாளரின் தொகை ஆண்டுக்கு ஆண்டு சுருங்கி வந்துள்ளது. நோதா யுக்கிகசு 2019 இற் காலமானார். வழக்குத் தொடுத்த ஒன்பது பேருள் அதுவரை உயிரோடிருந்தவர் அவர் ஒருவரே.